டைல்ஸுக்காகக் கை தூக்கியவள் எழுதுவது

அடுத்த வீட்டுக்காரியாக வந்து என் சொந்த அக்காவாகிப்போன பரீதா ராத்தாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் கோபம் கிடையாது என்கிறார்கள். அதனால் உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே கோபப்படுகிறேன். இன்று காலையில் நம் வீட்டுத்திட்ட ஸ்கீமுக்கு மறுபடியும் அந்த வீடமைப்பு அதிகாரி படிவத்தோடு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"தரை நல்லா இருக்கா? பாத்ரூம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க ஐயா."

"அப்புறம் ஏன் ஆளாளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போறாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு என்றால் நாலு சுவரும் ஒரு கூரையும்தான் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வெளியே வந்து பாருங்கள் என்றேன். நேரமில்லை என்று அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார்.

வெளியே என்ன இருக்கிறது, ராத்தா? பலா மரம் இல்லை. அதன் கீழே நாம் உட்கார்ந்து கீரை ஆய்ந்த சீமெந்து இருக்கை, நம் வாங்கு, இல்லை. உங்கள் நோன்புக் கஞ்சிக்கு நாங்கள் பாத்திரத்தோடு நின்றதும், நான் பொங்கல் பானை வைத்ததும், எதிர்வீட்டுச் சோமா அக்கா வெசாக் விளக்குக் கூடு கட்டியதும் அந்த ஒரு துண்டு நிலத்தில்தான். கட்டுகஸ்தோட்டையிலேயே இதைவிடப் பெரிய வீடு கிடைத்தும் நான் போகாததற்கு அந்த இடம்தான் காரணம். இப்போது அங்கே மேல் ரோட்டுக் கடைக்கு வருகிறவர்கள் வாகனம் நிறுத்துகிறார்கள்.

பறித்துக்கொண்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம். பொய். நாங்கள்தான் கொடுத்தோம். நிலத்தை விட்டுத்தந்தால் வீட்டுக்கு வீடு டைல்ஸ் பதித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், அதிகாரி தலையாட்டினார், கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். நீங்கள் மட்டும் தூக்கவில்லை.

"தர மினுங்கும் புள்ள. மனுசர் மொகத்த மனுசர் பாக்க எடம் எங்க ஈக்கும்?" என்றீர்கள்.

"சும்மா இருங்க ராத்தா, வீட்டுக்குள்ள வந்து பாத்துக்கிறோம்" என்று எல்லோருக்கும் முன்னால் உங்களைக் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள்? ஏன் என்னை நாலு வார்த்தை ஏசவில்லை? உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

வீட்டுக்குள் யாரும் வந்து பார்க்கவில்லை. தரை அழுக்காகிவிடும் என்று கதவுகளைச் சாத்திக்கொண்டோம். முன்பெல்லாம் நீங்கள் பத்து நிமிடம் பிந்தினாலே வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்துபோய் உங்கள் கதவைத் தட்டுவாள். நீங்கள் வீட்டுக்குள் விழுந்துகிடந்த அன்று காலையிலிருந்து பின்னேரம் வரை ஒருத்தியும் தட்டவில்லை. சோமா அக்கா கறிவேப்பிலை கேட்க வந்ததால்தான் தெரிந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உங்கள் ஜனாஸாவைத் தூக்கிச்செல்ல, நம்முடைய இடத்திலேயே நின்று ஒரு வேன்காரரிடம் வழிவிடச் சொல்லிக் கெஞ்சினோம்.

இப்போது ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டையும் அந்தக் கடைக்காரர் கேட்கிறார். பதிலுக்குச் சமையலறைச் சுவருக்கு டைல்ஸாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இதற்கும் கை தூக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், நம்புவீர்களா?

அந்தக் கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். நீங்கள் விழுந்த அன்று கண்டி டவுனுக்குப் போயிருந்ததாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போகவில்லை, ராத்தா. வீட்டில்தான் இருந்தேன். உங்கள் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். ஈரம் காயட்டும், பிறகு போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். பிறகு மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் இதைச் சொல்வேன். இது சத்தியம். கேட்ட பிறகும் எவருக்குக் கை தூக்க மனம் வருகிறதோ, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கட்டும்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த உங்கள் தங்கச்சி,
செல்வி