மண் அணைத்த கொடிகள்

ஜபல் அக்தர், ஓமன்
5 டிசம்பர் 2024

பிரபாவதிக்கு,

எங்கள் பண்ணை லாரியில் போய் துபாயில் மாதுளையை இறக்கிவிட்டுத் திரும்பிய டிரைவர் சதக்கத்துல்லா உன் கடிதத்தைக் கொடுத்தார். போனில் பேசினால் நம் இருவர் குரலும் உயர்ந்துவிடுகிறது; எழுதுவதே மேல்.

மஹதியும் மாப்பிள்ளையும் குவைத்தில் குடியேறிவிட்டார்கள், உன்னையும் கூப்பிடுகிறார்கள், பிப்ரவரியில் துபாய் கராமா வீட்டைக் காலி செய்யவேண்டும் என்கிறாய். நான் ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதினால் குவைத்தை விட்டுவிட்டு இந்த மலைக்கே வந்துவிடுவாயாம். மஹதி நிச்சயதார்த்தத்தில் உன் அண்ணன் பாண்டித்துரை தட்டு மாற்றினாரே, அன்று யாரும் என் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. நான் துபாய் வரும் வழியில் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நல்ல நேரம் போய்விடும் என்றீர்கள். பெண்ணைப் பெற்றவன் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நான் வைத்த திராட்சைக் கொடிகளுக்கு இது முதல் குளிர்காலம். குளிர் தாங்கும் ஜாதிதான், ஆனாலும் பயம். அவற்றுக்கு என்ன செய்திருக்கிறேன் என்று உனக்கு விளக்கிப் பயனில்லை. உடனே உன் அப்பாவை இழுப்பாய்.

ஜனவரியில் விசா வேலையாக மஸ்கட் போவேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

சேதுராமன்


ஜபல் அக்தர்
17 ஜனவரி 2025

அன்புள்ள மஹதி அப்பாவுக்கு,

வந்தேன். நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறீர்கள். “நீங்க வர்ற தேதியெல்லாம் தெளிவாத்தான் சொன்னேன்மா. சார் ‘அச்சா’ன்னாரு, அவ்வளவுதான்” என்று சதக்கத்துல்லா பாய் தலையைச் சொறிந்துகொண்டே சாவியைக் கொடுத்தார். உங்கள் அறையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். அதிலேயே சாப்பிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன்.

சும்மா இருக்க முடியாமல் கொடிகளைப் பார்க்கப் போனேன். ஓர் இலை இல்லை. சுருளிப்பட்டியில் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் வருடம் முழுக்கக் கொடி பச்சைதான். கவாத்து செய்தால் மட்டுமே மொட்டையாகும், தண்ணீர் விட்டதும் துளிர்த்துவிடும். தண்டில் மண் ஏறினால் கரையான் பிடிக்கும் என்று அப்பா ஒரு பிடி சேரவிடமாட்டார். இங்கே முழங்கால் உயரத்துக்கு மண், அதற்கு மேல் சாக்கு! வேலையாட்கள் அலட்சியமாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, வாய்க்கால் ஓரத்து வரிசையில் எல்லாவற்றையும் விலக்கி, கவாத்து செய்து, தண்ணீரும் விட்டிருக்கிறேன். கையெல்லாம் கீறல். நீங்கள் திரும்பும்போது துளிர் உங்களை வரவேற்கட்டும்.

நாளைக் காலை கிளம்புகிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கராமாவில் காத்திருப்பேன்.

பிரபாவதி


ஜபல் அக்தர்
2 பிப்ரவரி 2025

பிரபாவதிக்கு,

நீ கிளம்பிப் போன அதே வாரம் உறைபனி இறங்கியது. வாளித் தண்ணீர் கல்லானது. நீ திறந்துவிட்ட வரிசை முழுவதும் தண்டு வெடித்துக் கிடக்கிறது.

இந்தக் குளிரில் கொடி தூங்கும். இலை உதிர்ந்தால் செத்துப்போனதென்று அர்த்தமில்லை. தூங்கும் கொடிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, கவாத்தும் குளிர் விலகிய பிறகுதான். மண்ணும் சாக்கும் அதற்குப் போர்வை. தோட்டக்கலையில் முதுகலை படித்தவன் எதற்காக மண் அணைத்தான் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? யாரையாவது கேட்டாயா? உன் வீட்டில் எப்போதும் என்னைக் கேட்காமல்தானே எல்லாம் நடக்கும்.

அர்பாப் வந்து பார்த்தார். “கலாஸ்”, எல்லாம் முடிந்தது என்று கையை உதறிவிட்டுப் போனார். ஒரு முதலாளிக்கு முன் நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

அன்று தட்டை அண்ணனிடம் கொடுத்தாய். இன்று கொடியைப் பனியிடம் கொடுத்திருக்கிறாய். இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை. மகளிடமே போ.

சேதுராமன்


ஜபல் அக்தர்
9 ஏப்ரல் 2025

பிரபா,

கராமா வீட்டில் வேறு குடும்பம் இருப்பதாகச் சதக்கத்துல்லா சொன்னார். குவைத்தின் இந்த ஃபர்வானியா முகவரியை மஹதியிடம் வாங்கினேன்.

காய்ந்த கொடிகளைத் தோண்டி எறிய நேற்று ஆட்கள் வந்தார்கள். கடைசியாக வாய்க்கால் மூலையில் இருந்ததை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பழுப்புதான். ஆனால் அடிமண்ணைக் கிளறியபோது இரண்டு துளிர் தெரிந்தது, நுனி சிவந்து. ஒட்டுக்கட்டாத கொடி, வேரிலிருந்து வந்தாலும் அதே ஜாதிதான். அந்த வரிசையில் அது ஒன்றுதான் மிச்சம். இரண்டு துளிரில் எதை வளரவிடுவது என்று முடிவு செய்யவில்லை. உன் அப்பா எதை விடுவாரோ.

மலையடியில் நிஸ்வா கடைத்தெருவில் இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்கினேன். ஜோடியாகத்தான் தருவேன் என்றான் கடைக்காரன்.

குளிர் போய்விட்டது. சாயங்காலம் வெளியே உட்கார முடிகிறது. வேறு விசேஷம் இல்லை.

சேது


ஃபர்வானியா, குவைத்
2 மே 2025

அன்புள்ள மஹதி அப்பாவுக்கு,

ஒன்றாவது பிழைத்ததே. தடித்த துளிரை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அப்பா அப்படித்தான் செய்வார். மார்கழிக்கு முன் மண் அணைத்துவிடுங்கள்.

மஹதி முழுகாமல் இருக்கிறாள். எனக்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. விசா அடிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். உங்கள் கடிதம் வரட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன்.

வந்தது. தட்டு வாங்கியதைப் படித்துச் சிரித்தேன். “ஏம்மா அழறே?” என்றாள் மஹதி. மறுபடி படித்தேன். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். துளிர் வந்ததை எழுதியிருக்கிறீர்கள், தட்டு வந்ததை எழுதியிருக்கிறீர்கள். ‘வா’ என்று எங்கும் இல்லை.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிரபாவதி