சட்டையைத் துவைக்கக் கொடுக்காத காரணம்

அம்மாடி,

இந்தக் காலத்தில் மூச்சு விடுவதற்குக்கூட ஆள் சேர்க்கிறார்கள். பத்து மணிக்கு உன் மூச்சுப் பயிற்சிக் கூட்டம் வருமே, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டேன். ரொட்டி மேசையில் இருக்கிறது, தின்றுவிட்டு உட்கார்.

போன வாரம் என்னையும் கண்ணை மூடச் சொன்னாய். நான் மூடவில்லை, உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தும் நிற்காத நடுக்கம் அப்போது நின்றிருந்தது. எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

உன்னைப் போலவே வலி மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து எழுந்து உன் கூட்டத்துக்கு வரும் அந்த லாரி டிரைவர் போகும்போது, “பெரியவரே, வீட்ல மாத்திரை இருந்தா ஒளிக்காதீங்க, இருக்குன்னு சொல்லிடுங்க” என்றான். கிறுக்கன் என்று நினைத்தேன். இருந்தாலும் சொல்கிறேன். என் இடுப்பு ஆபரேஷனுக்குக் கொடுத்ததும் அதே மாத்திரைதான். மூன்று வாரமாக உன் கண்ணில் படாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். சட்டையைத் துவைக்கக் கொடு என்று நீ கேட்டபோதெல்லாம் நான் கத்தியது அதனால்தான்.

இனி மாத்திரை எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் இருக்கும். தினம் அங்கே போய் ஒன்று விழுங்கிக்கொள்வேன். சட்டை வாளியில் கிடக்கிறது.

விட்டுப்போனது: சாவியை எடுத்துப் போகிறேன், நடுவில் கதவைத் தட்ட மாட்டேன். மாத்திரையை அங்கே கொடுத்தது உன்னை நம்பாமலா, இதைச் சொன்னது நம்பித்தானா, எனக்கே தெரியவில்லை. மூச்சு விட்டால் எல்லாம் சரியாகும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் வருவதற்குள் கிளம்புகிறேன்.

அப்பா