சுருக்கத்தைக் கண்டால் போகிற கை

2003 ஏப்ரல் 21, திங்கள்

விடியலிலிருந்து முப்பத்தெட்டு உருப்படி. முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, பத்து மணிக்கு அபார்ட்மென்ட் மாடிக்குப் போனேன். கீழே இஸ்திரி வண்டியை அப்பா பார்த்துக்கொண்டார். அவருக்கு வலது தோள் தூக்க வராது. துணி வாங்கலாம், மடிக்கலாம், அவ்வளவுதான். தோள் போன அதே வருஷம்தான் என் பள்ளிக்கூடமும் போனது, எட்டாவதோடு.

இரண்டாம் மாடி அலர்மேல்மங்கை மேடம் லீவு முடியும்வரை குழந்தைகளுக்குக் காந்தம் செய்யச் சொல்லித் தருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மையால் காகிதத்தில் படம் வரைந்து, வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் படம் துணியில் ஏறிவிடுகிறது. அதைக் காந்தத் தகட்டில் ஒட்டி வெட்டினால் ஃபிரிட்ஜில் நிற்கும். பேரைத் திருப்பிப் போட வேண்டும். பிள்ளைகள் காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்பக்கமாக எழுதுகிறார்கள். சூடான பெட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்க முடியாதே, அதற்குத்தான் நான்.

"இழுக்காம, ஒரே இடத்துல வச்சு அழுத்தணும். மத்தபடி இஸ்திரி போட உனக்குச் சொல்லித் தரணுமா என்ன?" என்றார்கள் மேடம்.

காகிதத்தில் கழுவாத தட்டு மாதிரி இருக்கிற நிறம், சூடு பட்டதும் என்னமாக மாறுகிறது. அதிதி என்று ஆறு வயசுப் பெண், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், என்னோடது ஃபர்ஸ்ட்" என்றாள்.

மிஸ்ஸாம்.

ஏப்ரல் 23, புதன்

ஷ்ரேயாஸுக்கு ஒன்பது வயது. வாய் ஓயாது. "மிஸ், உங்காத்துல காந்தத்தை எதுல ஒட்டுவேள்? கரிப் பெட்டிலயா?"

மேடம் அதட்டினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "கரிப் பெட்டில ஒட்டினா வெந்துடும். எங்க வீட்ல சிலிண்டர் இருக்கு, அதுல ஒட்டுவேன்" என்றேன். நானாகச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால்.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அதிதியின் அப்பா இன்றைக்கு ஜெர்மனி போகிறார், ஆறு மாசத்துக்கு. அவர் கையில் கொடுத்தனுப்ப அவள் மூன்று நாளாக ஒரே படத்தை வரைந்தாள். அப்பா, ஸ்கூட்டர், முன்னால் நிற்கிற அவள். மேடம் ஜூஸ் கலக்க உள்ளே போயிருந்தார்கள். நான் காகிதத்தைக் கவிழ்த்துப் பெட்டியை வைத்தேன். அழுத்தித் தூக்கினால் முடிந்தது. ஆனால் துணி ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தது. கை தானாகப் போய்விட்டது — மூன்று வருஷமாகச் சுருக்கத்தைக் கண்டால் போகிற கை. காகிதமும் கூடவே போனது.

எடுத்துப் பார்த்தால் அப்பாவுக்கு இரண்டு தலை. ஸ்கூட்டர் வெறும் சேறு.

அதிதி வீறிட்டாள். மேடம் ஓடி வந்தார்கள். ஷ்ரேயாஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மேஜையை ஆட்டினியாடா? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"நான் ஆட்டல மாமி. மிஸ்தான் இழுத்தா."

"வாயில்லாத பொண்ணு மேல பழி போடறியா? போறும். இனிமே கிளாஸுக்கு வராதே."

அவன் என்னைப் பார்த்தான். நான் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றினதையே மறுபடி சுற்றினேன்.

வாயில்லாத பொண்ணு. சரியாகத்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 26, சனி

நூறு தடவை சொல்லிவிட்டேன். மனசுக்குள்.

ஏப்ரல் 28, திங்கள்

ஏழு பேர். "இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு" என்றார்கள் மேடம். அதிதி வரையவில்லை. மையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். போகும்போது மட்டும், "மிஸ், பை" என்றாள்.

சொன்னால் என்னையும் வராதே என்பார்கள். அதற்காகவா சொல்லாமல் இருக்கிறேன்? ஆமாம். அதற்காகத்தான். இந்த நோட்டில் மட்டும் எல்லாம் சொல்ல வருகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஷ்ரேயாஸின் அம்மா துணி மூட்டையோடு வண்டிக்கு வந்தார்கள். அவனும் கூட வந்தான்.

"நாள் பூரா ஆத்துல உக்காந்து என் பிராணனை வாங்கறான். கேட்டா நான் ஆட்டவே இல்லைங்கறான். நீ பக்கத்துலதானே இருந்தே, சொல்லும்மா. ஆட்டினானா இல்லியா?"

இதைவிட எப்படிக் கேட்பார்கள்? ஒரு வார்த்தை போதும். இல்லை என்றால் போதும். மூட்டையைப் பிரித்துத் துணியை எண்ணினேன். "சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்றேன்.

அம்மா திரும்பி நடந்ததும் அவன் கிட்டே வந்தான். "பரவால்ல மிஸ். நான் எப்படியும் டெய்லி திட்டு வாங்கறவன்தானே."

அவன் போன பிறகு அப்பா கேட்டார். "இன்னாம்மா, எங்க பாக்கற? சட்டைய சுட்டுறப் போற."

ஏப்ரல் 30, புதன்

சொல்லிவிட்டேன். பிள்ளைகள் போனதும், செருப்பு மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னேன். "மேடம், அன்னைக்கு நான்தான் பெட்டிய இழுத்துட்டேன். அவன் ஒண்ணும் பண்ணல."

மேடம் என் கன்னத்தைத் தட்டினார்கள். "அவன் அம்மா உங்கிட்ட வந்து கெஞ்சினாளா? உனக்கு இரக்கம் ஜாஸ்தி மமதா. அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது. நாள் முழுக்க இஸ்திரி போடறவ கை தப்புமா?"

அதனால்தான், மேடம், தப்பியது. நாள் முழுக்கப் போடுவதால்தான். இது வீட்டுக்கு வந்த பிறகு என்ன அழகாக வருகிறது! ஒரு மாம்பழம் கொடுத்தார்கள், நல்ல பெண் என்று. அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 1, வியாழன்

அம்மா மாம்பழத்தை அறுத்தாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

மே 2, வெள்ளி

வாயால் முடியாது. கையால்தான் ஆகும் என்று போனேன்.

பிள்ளைகள் வரும்முன் ஒரு காகிதத்தில் என் பேரைத் திருப்பி எழுதி, பக்கத்தில் ஒரு கிளி போட்டு வைத்தேன். வகுப்பு நடுவில் துணி ஓரத்தைக் கசக்கிவிட்டு, காகிதத்தைக் கவிழ்த்து, பெட்டியை வைத்தேன். "மேடம், இங்க பாருங்க" என்றேன். பிறகு கையை அதன் போக்கில் விட்டேன். போனது, வண்டியில் போகிற மாதிரியே.

எடுத்தேன். கிளிக்கு இரண்டு மூக்கு. பேர் வாலோடு சேர்ந்து சேறு.

அதிதி எட்டிப் பார்த்து, "என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

மேடம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "அப்போ அந்தக் குழந்தை சொன்னது நிஜம்" என்றார்கள். பிறகு, "அன்னிக்கே ஏன் வாயைத் தொறக்கலே?"

"தெரியல மேடம்."

"சரி. நீ கீழ போ. பெட்டியை நான் பாத்துக்கறேன்."

இறங்கி வந்தேன். யாரும் பை சொல்லவில்லை.

மே 5, திங்கள்

பத்து மணிக்கு ஷ்ரேயாஸ் படியேறிப் போனான். வாட்ச்மேன் கோவிந்தப்பா தன் கன்னடத் தமிழில், "நீ ஹோகலியாம்மா?" என்று கேட்டார். துணி ஜாஸ்தி என்றேன்.

மே 7, புதன்

பதினோரு மணி இருக்கும். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஷ்ரேயாஸ் கத்தினான். "மமதாக்கா, பேப்பர் துணியோட ஒட்டிண்டுடுத்து. மாமி பிச்சு எடுக்கப் போறா. அதிதியோடது, அவ அப்பாவுக்கு போஸ்ட்ல அனுப்பறதுக்கு."

அவனாகக் கேட்டானா, மேடம் கேட்கச் சொன்னார்களா, தெரியவில்லை. அவன் பின்னால் புடவை தெரிந்தது.

"பிக்க வேணாம்னு சொல்லு. ஆற விடுங்க. ஆறினதும் ஒரு மூலையிலேர்ந்து மெல்லத் தூக்கணும். மெல்ல."

எதிர்க் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர்கூடப் பார்த்தார். அப்பா மடித்துக்கொண்டிருந்த பேண்ட்டை அப்படியே வைத்துவிட்டு, "யாரு, நீயா கத்தின?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அதிதி கம்பி வழியாகத் துணியை நீட்டிக் காட்டினாள். அவ்வளவு உயரத்தில் ஸ்கூட்டர் தெரியவில்லை, தலை ஒன்றா இரண்டா தெரியவில்லை. சிவப்பு மட்டும் தெரிந்தது. நான் தலையாட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

மேலே வா என்று யாரும் கூப்பிடவில்லை. இன்னும் பதினாலு உருப்படி இருந்தது.