கோதுமைத் தவிட்டுத் தட்டு

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹர்ஷினி அப்பாவுக்கு,

யோகேஸ்வரி எழுதுவது. போனில் பேச்சை எடுத்தாலே "குடும்பத்துக்குள்ள பெருசாக்காத" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா?

ஹர்ஷினி இன்றுதான் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி வயிற்றில் தங்குகிறது. முகம் பாதியாகிவிட்டது.

இருக்கன்குடியில் உங்கள் அண்ணன் பேரனுக்கு மொட்டை போட்ட அன்று நடந்ததை முழுதாகக் கேளுங்கள். சீலியாக் உள்ள பிள்ளைக்குக் கோதுமை துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகுமே என்று, சோறும் ரசமும் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். கடைப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று அதையும் போடவில்லை. நான் சாமி கும்பிடப் போன நேரத்தில் உங்கள் அண்ணி பொன்னுத்தங்கம் அக்கா, பிள்ளை ஏன் டிபன்பாக்ஸில் தனியாகச் சாப்பிடணும் என்று பந்தியில் உட்காரவைத்து, அந்தச் சோற்றையே தட்டில் போட்டிருக்கிறார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். அது உங்கள் அண்ணன் கம்பெனியில் செய்யும் தட்டு. பிளாஸ்க் ரசத்தின் சூட்டில் தட்டு ஊறிச் சோற்றோடு பிசுபிசுத்ததாம். சாயங்காலமே வாந்தியும் வயிற்றுப்போக்கும்.

மதுரை டாக்டர்தான், எதில் சாப்பிட்டாள் என்று கேட்டார். தட்டுப் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலை, "இயற்கையானது, எல்லோருக்கும் ஏற்றது." பின்பக்க மூலையில் எறும்பளவு இங்கிலீஷில் கோதுமைத் தவிடு. ஊறிய தவிடு சோற்றில் கலந்திருக்கும் என்றார் டாக்டர்.

பெட்டியோடு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உங்கள் அண்ணன் தனுஷ்கோடி முதலாளி சிரித்தார்.

"பிள்ளை சோத்தத் தின்னுச்சா, தட்டத் தின்னுச்சாம்மா?"

இத்தனை வருஷம் பட்டாசு லேபிளில் எச்சரிக்கையைச் சிவப்பில் அச்சடித்த மனுஷன். கோதுமை என்ற மூணு எழுத்தைத் தமிழில் முன்பக்கம் போடுங்கள் என்றால், போட்டால் ஆர்டர் போய்விடுமாம். அடுத்த லோடு ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு. அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். லோடை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அண்ணன் என்னை இனி வாசல் மிதிக்க வேண்டாம் என்கிறார். அக்கா மட்டும் மறைவாக வந்து, பிள்ளை காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

நேற்று உங்கள் மகள் கேட்டாள்: "பெரியம்மா குடுத்தத வேண்டாம்னு சொல்லியிருக்கணுமாம்மா?" இதற்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணனிடம் பேசுங்கள். பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள். பேசாவிட்டால் பண்ண வேண்டாம். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். மாரியம்மன் உங்களுக்கு வாயைத் திறக்கிற தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்ற
யோகேஸ்வரி.