ஏழு பிள்ளைகளைப் பெறாத பவளமக்காவின் கல்வெட்டு

என்னோடு சண்டை பிடிக்க ஆளில்லாமல் ஆக்கிவிட்டுப் போன என் பவளமக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏழு பிள்ளைகள் பிறக்கவில்லை. மயிரிழையில் தப்பினீர்கள். அதை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தால் பிறகு நான் என்ன சொல்லியும் எடுபட்டிராது. நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் முடிந்தது. கல்வெட்டும் கொடுத்தாயிற்று. அதில் இருப்பது நீங்கள்தான், வேறு யாருமில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி இருந்துகொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

கல்வெட்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைத் தற்செயலாக வாசிக்கிற வேறு யாருக்காவது சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்போம். முன்னால் தேவாரம், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பின்னால் வம்ச வரிசை. அநேகம் பேருக்கு வாழ்நாளில் எழுதப்படுகிற ஒரே வரலாறு அதுதான். அதையும் அவர்கள் வாசிப்பதில்லை.

நீங்கள் அந்தக் கல்வெட்டுக்களையும் வாசிக்காமல் விட்டுவைக்கவில்லையே அக்கா. நீங்கள் சண்டிலிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பொருளாதாரத் தடை வந்து கடையில் விற்க ஒன்றுமில்லாமல் போன பிறகு, சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த வெறுங்கடைக்குள் எங்களைக் கூட்டினீர்கள். மாச்சாக்குகளை மடித்துப் போட்டு இருந்துகொண்டு வாழ்க்கை வரலாறுகளாக வாசித்தோம். நாவல் ஒன்று வாசிப்போமே என்று நான் கேட்டதற்கு, "உண்மையாய் இருந்த ஒரு சீவன் தன்ரை கஷ்டத்தை என்னெண்டு சமாளிச்சுது எண்டு பாக்கவேணும் பிள்ளை. எங்களுக்கு இப்ப அதுதான் தேவை" என்றீர்கள். குண்டு போடப் பொம்பர் வந்த ஒரு சனிக்கிழமை பங்கருக்குள் குந்திக்கொண்டும் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பற்றி என்னோடு வாதாடினீர்கள். மேலே என்ன விழுகிறது என்பதை இரண்டு பேரும் மறந்துபோனோம்.

சிறைக்குப் போன தலைவரின் சுயசரிதையை நாங்கள் உருகி உருகி வாசித்து முடிப்போம். நீங்கள் தொய்வு வருத்தத்தில் மூச்சு இழுக்கிற அந்தக் குரலில் ஆறுதலாகக் கேட்பீர்கள்: "அது சரி, உவர் மறியலிலை இருக்கேக்கை பிள்ளையளுக்கு ஆர் சமைச்சது?" புத்தகத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவோம். அநேகமாக இருக்காது. பிறகு அதைப் பற்றித்தான் கதை இருட்டும்வரை ஓடும். ஆள் பயந்த இடத்தைச் சொல்லாத புத்தகத்தை நம்பவேண்டாம் என்பீர்கள். அட்டை கிழிந்து, எழுதியவர் பெயரும் போய்விட்ட ஒரு மொழிபெயர்ப்பு கிடைத்ததே, யாரோ ஒரு தூரதேசத்து மருத்துவிச்சியின் நினைவுகள். தன் கையால் நடந்த பிழைகளை அவளே எழுதியிருந்தாள். அந்தப் புத்தகத்தை விட்டு அடுத்த புத்தகத்துக்குப் போக எங்களுக்கு மனமே வரவில்லை.

அப்படி ஒரு நாள்தான் வீட்டு அலுமாரியிலிருந்து பழைய கல்வெட்டுக்களை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து, "இண்டைக்கு எங்கடை ஊர்ப் பெரியாக்களை வாசிப்பம்" என்றீர்கள். வாசித்தோம். எல்லோரும் பொறுமையின் சிகரம், ஈகையின் இருப்பிடம், எறும்புக்கும் தீங்கு நினையாதவர். புகையிலைத் தோட்டம் செய்கிற சின்னராசா அண்ணை நாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "உவ்வளவு நல்ல சனமும் இஞ்சைதான் இருந்ததெண்டால், எங்களோடை வேலிக்குச் சண்டை பிடிச்ச ஆக்கள் ஆர்?" நீங்கள் சிரித்த சிரிப்பில் தொய்வு வந்து, நான் சுடுதண்ணீர் வைக்க ஓடவேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கின பிறகு நீங்கள் சொன்னதைத்தான் இந்த மாதம் முழுக்க நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். "எனக்கு உப்பிடி எழுத விட்டிடாதை யோகம். என்ரை சீவியத்திலை இன்னொருத்திக்கு உதவக்கூடியது ஒரே ஒரு பகல்தான். நான் புத்தூரிலையிருந்து வந்த பகல். அது இல்லாட்டில் ஒண்டும் எழுத வேண்டாம்."

அந்தப் பகலை நீங்கள் எவருக்கும் ஒளித்ததில்லை. புத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மனிதன் குடித்துவிட்டு அடித்தான். நான்காம் மாதம், சந்தியில் ஊரே நிற்கிற நேரம் பார்த்து, பெட்டியோடு போய் பஸ் ஏறினீர்கள். ஏனக்கா பகலில் என்று நான் கேட்டபோது, "இரவிலை வந்தால் களவெடுத்துக்கொண்டு ஓடுறமாதிரி இருக்கும். நானென்ன களவோ எடுத்தனான்?" என்றீர்கள். பிறகு படித்ததும், சங்கத்தில் சேர்ந்ததும், மண்ணெண்ணெய் வரிசையில் சொந்தக்காரரையும் பின்னால் போய் நிற்கச் சொன்னதும் எல்லாம் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகுதான்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு உங்கள் தமையன் சிவஞானம் அண்ணை என்னைக் கூப்பிட்டார். "நீ ரீச்சர், உன்ரை கை எழுதும். வாழ்க்கை வரலாறு நீ எழுது" என்றார். எழுதினேன். அழுதழுது எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"எல்லாம் வடிவாய் இருக்கு பிள்ளை. உந்தப் புத்தூர்க் கதையை மட்டும் எடுத்துவிடு."

"அதை எடுத்தால் அக்காவே இல்லை அண்ணை."

"செத்தவளின்ரை மானத்தைச் சந்தியிலை வைக்கச் சொல்லுறியோ? எனக்கு ரண்டு பொம்பிளைப் பிள்ளையள் கலியாணத்துக்கு நிக்குதுகள்."

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "அடிச்சது மானக்கேடோ, அடி தாங்காமல் வந்தது மானக்கேடோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த நாள், ஊரில் முக்கால்வாசிக் கல்வெட்டுக்களை எழுதிய புலவர் ஒருவரிடம் வேலை போய்விட்டது என்று சின்னராசா அண்ணை வந்து சொன்னார். உங்களுக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு அது. அதையும் காப்பாற்ற முடியாதவள் எதற்கு உங்களோடு உட்கார்ந்து அத்தனை புத்தகம் வாசித்தேன்?

பிறகு ஒரு நாள் நான் அலுவலாக யாழ்ப்பாணம் போகிறேன் என்று கேள்விப்பட்டு, அச்சுக்கூடத்தில் புரூப்பை வாங்கி வரும்படி அண்ணை ஆள் அனுப்பினார். அவருக்கு முழங்கால் நோ, சைக்கிள் மிதிக்க முடியாது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் போனேன். அச்சுக்கூட வாசலில் நின்றபடியே வாசித்தேன். பொறுமையின் சிகரம் இருந்தது. ஈகையின் இருப்பிடம் இருந்தது. நான்காவது பந்தியில் நீங்கள் ஏழு செல்வங்களைப் பெற்றெடுத்துச் சீராட்டி வளர்த்திருந்தீர்கள்.

அச்சுக்கூடக்காரரிடம் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "போன மாதம் ஒரு அம்மாவுக்கு அடுக்கினது தங்கச்சி. எழுத்தைக் கலைச்சுத் திருப்பி அடுக்க இப்ப ஆள் இல்லை. புலவர்தான் சொன்னவர், இதுவும் பொம்பிளைதானே, பேரையும் ஊரையும் மாத்திவிடு, மிச்சம் எல்லாருக்கும் பொருந்தும் எண்டு. பிள்ளையளை மறந்துபோனம்" என்றார். திருத்தித் தரவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே தாருங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதைக் குறும்பு என்று சொல்லுங்கள், கோபம் என்று சொல்லுங்கள்.

அண்ணை கதிரையில் இருந்து சத்தமாக வாசித்தார். குசினிக்குள் அவருடைய மனைவி சரசக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். அண்ணைக்கு வாசிக்க வாசிக்கக் கண் நிறைந்துவிட்டது. கடைசி வரிவரைக்கும் போய், துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் என்ரை தங்கச்சி. இதிலை ஆரும் கைவைக்க வேண்டாம்" என்றார்.

"அண்ணை, அந்த நாலாவது பந்தியை இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றேன்.

வாசித்தார். பாதியில் குரல் நின்றுவிட்டது. குசினிக்குள்ளிருந்து சரசக்கா கேட்டார்: "மெய்யே, அந்த ஏழு பிள்ளையளையும் மச்சாள் எங்கை ஒளிச்சு வைச்சவ?" கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணை எங்கள் இருவரையும் முறைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். எங்கள் சிரிப்பு ஓய்ந்த பிறகு பார்த்தால் மனிதன் தேம்பித் தேம்பி அழுகிறார். செத்தவீட்டிலும் அவர் அப்படி அழவில்லை அக்கா.

"ஆரோ ஒரு மனிசிக்கு இருந்து அழுதிருக்கிறன்" என்றார். "கூடப் பிறந்தவனுக்கே வித்தியாசம் தெரியேல்லை."

பிறகு, நான் எழுதிய தாள்களை எங்கே வைத்தேன் என்று அண்ணை கேட்டார். என் பையிலேயே இருந்தன. "புத்தூரைப் போடு. அதோடை இன்னுமொண்டும் போடு. அவள் பெட்டியோடை படலைக்கை வந்து நிக்கேக்கை நான் எழும்பி உள்ளுக்கை போயிட்டன். ஒரு வருசத்துக்கு மேலை அவளோடை கதைக்கேல்லை. ஒரே வீட்டுக்கை இருந்துகொண்டு கதைக்கேல்லை. அதையும் எழுது."

"அண்ணை, பிள்ளையளின்ரை கலியாணம்?"

"அத்தையைப் பற்றி உண்மை தெரிஞ்சு வாறவன் வரட்டும்" என்று சரசக்கா உள்ளேயிருந்து சொன்னார்.

ஆக, அச்சேறியது. தாள் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடிக்க முடிந்தது. நீலக் கோடுகளுக்குக் குறுக்கே உங்கள் வாழ்க்கை கொஞ்சம் சரிவாகத்தான் ஓடுகிறது, குறை நினைக்காதீர்கள். சண்டையால் கீரிமலைக் கடற்கரைக்குப் போக முடியாத காலம் என்பதால் அந்தியேட்டிச் சடங்கை வேறு கரையில் செய்தோம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது படலைக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. மகனின் சைக்கிளில் பின்னால் இருந்து ஒரு மனிசி இறங்கினா. புத்தூரிலிருந்து பூமணியக்கா. உங்களை அடித்தவரின் தங்கை.

அந்த மனிதர் எப்போதோ செத்துப்போனார். உங்கள் சாவை அவருடைய ஆட்களுக்கு நாங்கள் சொல்லவும் இல்லை. மரியாதைக்கு வந்தவவுக்குக் கல்வெட்டைக் கொடுக்காமல் விட முடியுமா? அண்ணைதான் தன் கையால் கொடுத்தார். அவ மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தா. நான் பாயசச் செம்போடு அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக நின்றேன். சபைக்கு நடுவில் ஏதாவது கேட்டுவிட்டால் அண்ணையின் தலை குனிந்துபோகும், எழுதியது நான் என்ற பயம்.

வாசித்து முடித்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. "நீரோ எழுதினது?"

"ஓம்."

"எங்கடை அண்ணைக்கு உது காணாது பிள்ளை. மெத்தக் குறைச்சு எழுதியிருக்கிறீர். அண்டைக்கு அவ பெட்டியைத் தூக்கேக்கை மற்றப் பக்கத்துப் பிடியைப் பிடிச்சுச் சந்திமட்டும் கொண்டுவந்தது நான்தான். பதின்மூண்டு வயசு எனக்கு. அதை அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

நீங்கள் சொல்லவில்லை அக்கா. எல்லாவற்றையும் சொல்கிற நீங்கள் அதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்கக்கூடாது என்றுதானே? வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

போகும்போது இன்னொரு கல்வெட்டுக் கேட்டா. "என்ரை மகளுக்கு. அவளைச் சாவகச்சேரியிலை கட்டிக் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்தேன். சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனா.

சனம் கலைந்த பிறகும் கொஞ்சப்பேர் இருந்து உங்களை வாசித்தார்கள். வழக்கமாக அலுமாரிக்குள் போகிற புத்தகம் கையில் நின்றது. உங்கள் கோபத்தை நான் குறைத்து எழுதிவிட்டேன் என்று சின்னராசா அண்ணைக்குக் குறை. வரிசையில் பின்னால் போகச் சொன்னது தன்னைத்தான் என்று இன்னொருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வருகிற சனிக்கிழமை நாங்கள் எடுக்கப்போவதும் உங்களைத்தான். அண்ணையும் வருகிறாராம். நீங்கள் இருக்கும்போது ஒரு நாளும் அந்தப் பக்கம் வராத மனிதர். அவர் கதைக்கட்டும், நான் குறுக்கே விழமாட்டேன். யாராவது உங்களில் பிழை பிடித்தாலும் உங்களுக்காக வக்காலத்து வாங்கமாட்டேன். இது சத்தியம்.

நேற்றுக் கடைசியாகப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வெளிக்கிட்டபோது அண்ணை படலைவரைக்கும் கூட வந்தார். பூமணியக்கா மகளுக்கென்று கேட்டு வாங்கிப்போனதை நான் சொல்லியிருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்குப் போக இடமில்லாட்டில் இஞ்சை வரச் சொல்லு யோகம்" என்றார். "வந்தால் நான் எழும்பி உள்ளுக்கை போகமாட்டன். முதல் நாளே கதைப்பன்."

நாளைக்குப் புத்தூருக்குப் போய் இதைச் சொல்லப்போகிறேன் அக்கா. பகலில்தான் போவேன்.

உங்கள் வயிற்றில் பிறக்காத பிள்ளையும் கூடப் பிறக்காத தங்கையுமான
யோகம்
சண்டிலிப்பாய்