கதவுக்குப் பின்னால் ஓர் ஐஸ் குச்சி

சில்லறையின் அம்மாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நம் பெண் பள்ளிக்கூடத்துக்காக மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்த அட்டைப்பெட்டி வீட்டை என் கையாலேயே பிரித்து, தட்டையாக்கி, மற்ற அட்டைகளோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் நன்றாக இருக்க வேண்டும். நலம் விசாரித்துவிட்டு இதைச் சொன்னால் வளைத்து வளைத்து எழுதுவேன் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன். போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை நீ டியூட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை, என்ன குரல் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாய். கடையில் தூசி என்றேன். பிள்ளை ஏன் போனுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று கேட்டதற்குத் தூங்கிவிட்டாள் என்றேன். தூங்கவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். முதல் வகுப்பில் இந்த மாதக் கைவேலைக்கு 'எங்கள் வீடு' என்று பெயர். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு காலிப் பெட்டி கொண்டுவந்து, அதற்குள் தன் வீட்டு அறை ஒன்றைச் செய்ய வேண்டும். ஐஸ் குச்சி, பாட்டில் மூடி, தீப்பெட்டி, நூல், பழைய துணி, பசை, இவ்வளவுதான் சாமான். பெட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பதினெட்டு வருடமாகப் பழைய அட்டைப்பெட்டி வியாபாரத்தில் சோறு தின்கிறவன், என் பிள்ளை வகுப்புக்குப் பெட்டி வெளியிலிருந்து வருவதா? இருபத்தாறு பிள்ளைகளுக்கும் ஒரே அளவில், மூலை நசுங்காததாகப் பொறுக்கி, வண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். டீச்சர் சின்ன வயசுக்காரர்தான், ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா போலீஸ் குவார்ட்டர்ஸ் மாதிரி ஆயிடும் சார், அவங்கவங்க வீட்டுப் பெட்டிதான் வேணும் என்று சிரித்துக்கொண்டே இருபத்தைந்தை வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டார்.

நம் பெண் எடுத்துக்கொண்டது சமையலறை. சாயங்காலம் கூட்டிவரப் போகும்போது அவளுக்குத் தெரியாமல் எட்டிப் பார்ப்பேன். தீப்பெட்டியில் அடுப்பு, பாட்டில் மூடியில் சட்டி, ஜன்னலுக்குச் சிவப்பு நூலில் திரை. மேஜை பக்கத்தில் நானும் அவளும் நின்றோம், ஐஸ் குச்சியில். எனக்கு மீசை முகத்தைவிட அகலம். பின்சுவரில் கதவு மாதிரி ஒன்று வெட்டி, அதற்கு நூலில் பிடியும் தீக்குச்சியில் தாழ்ப்பாளும் வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் உன் நீலப்பூ தலையணை உறையில் ஒரு சதுரம் கத்தரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். தினமும் அந்த உறையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள், அதையே வெட்டியிருக்கிறாள் என்று திட்டினேன். ஜன்னல் திரைக்காக வெட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஜன்னலில் தொங்கியது சிவப்பு நூல். நீலத் துணி பெட்டிக்குள் எங்கும் இல்லை. சரக்கில் ஒரு துண்டு குறைந்தால் படியேறும்போதே கண்டுபிடிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, கடைசி வேலைகளை வீட்டில் முடித்துக்கொண்டு வரலாம் என்று டீச்சர் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். மாடியில் என் அக்கா கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்ததால், பசை காயட்டும் என்று நம் பெண் கீழே கடையில் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திறந்த பக்கம் சுவரைப் பார்த்து. யாரும் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாதாம்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கடை சாத்தும்போது ஒரு பெட்டியும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. நிற்கிற பெட்டி இடத்தைத் தின்னும். அடியில் கத்தி, பக்கத்தில் ஒரு தட்டு, நாலு எண்ணுவதற்குள் தட்டை. அன்றைக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. ஏதோ பிசுபிசு என்று ஒட்டியது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அவள் இறங்கிவந்து சுவரோரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தாள். ஒரு கட்டில் சிவப்பு நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் எடுத்தேன். அடுப்பு இருந்தது, சட்டி இருந்தது, மேஜை கால் ஒடிந்திருந்தது, நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய், என் மீசைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பழுப்பு நாடா போட்டு, முன்னைவிடக் கெட்டியாக நிறுத்திவிட்டேன். லாரியில் ஏற்றினாலும் அசையாது. இந்தா, பழைய வீட்டைவிட உறுதி என்று பெருமையாகக் கையில் கொடுத்தேன். அவள் படியில் உட்கார்ந்து, தாழ்ப்பாளை நீக்கி, அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். தாழ் போட்டாள். அம்மா இல்ல என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நீ இருந்தாய் என்று. ஐஸ் குச்சியில், நீலப்பூ துணி கட்டி.

கடைத் தரையில் ஒரு மூலை விடாமல் தேடினேன். பெருக்கின குப்பை சாயங்கால வண்டியில் போயிருந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் குப்பைக் கிடங்குக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர், தங்கம் ஏதாச்சும் விழுந்துடுச்சா சார் என்று கேட்டார். ஐஸ் குச்சி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேடுங்க சார், இங்கே நிறைய இருக்கு என்றார். இருந்தது. ஒன்பது குச்சி கிடைத்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவி வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இது இல்ல, இது இல்ல என்று ஒன்பதையும் தள்ளிவிட்டாள். நானே ஒன்றுக்குத் துணி கட்டிக் கண் மூக்கு வரைந்து கொடுத்தேன். இது குச்சிப்பா என்றாள்.

என் அக்காவுக்கு விஷயம் தெரிந்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெட்டியப் பார்த்தா மடக்கணும், ஆளப் பார்த்தா பேரம் பேசணும், இதைவிட்டா உனக்கு என்னடா தெரியும் என்றாள். தட்டில் சோறு வைத்துவிட்டுத்தான் சொன்னாள். அதனால் எழுந்துபோகவும் முடியவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நீ அந்த வகுப்பைப் பார்த்ததில்லை. மேஜைகள் மேல் செய்தித்தாள் விரித்து, சாயத் தண்ணீர் டப்பாக்கள், தரையெல்லாம் காகிதத் துணுக்கு, துணி காயப்போடுகிற மாதிரி கொடி கட்டிப் படங்களைக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் காதைத் தொட்டது. டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் செய்யுங்கள் என்றதும் மற்ற பிள்ளைகள் எல்லோரையும் அறைக்குள் நிறுத்தினார்களாம். இவள் மட்டும் உன்னைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அம்மா பக்கத்து ரூம்ல இருக்காங்க, கூப்பிட்டா வந்துடுவாங்க என்றாளாம். மூன்று வாரமும் காலையில் வந்ததும் பையை இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டு, அப்புறம்தான் இடத்தில் உட்காருவாளாம்.

இப்போது கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. தன் பசைப் புட்டியைப் பக்கத்து மேஜைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். வேற அம்மா செய்யலாமா, நான் உதவி பண்றேன் என்று டீச்சர் கேட்டதற்கு, அம்மாவே வந்து செய்வாங்க என்றாளாம். என்னிடம் டீச்சர் மெதுவாக, அம்மா எப்ப சார் வருவாங்க என்று கேட்டார். அந்தக் குட்டி நாற்காலியிலிருந்தே குனிந்து, காலடியில் கிடந்த காகிதத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோருக்குக் காட்டினார்கள். இருபத்தாறு வீடுகளைத் தெரு மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்தால் ஒழுகும் என்று ஒருத்தி சொன்னாள். அவள் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டார். நம்முடையவள் முறை வந்தபோது, இது சமையலறை, இது அப்பா, இது நான் என்றாள். யாரோ, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன பாப்பா என்று கேட்டார்கள். ஒண்ணுமில்ல என்றாள். வாய் ஓயாமல் சலசலக்கிறாள் என்று சில்லறை என்று பெயர் வைத்தவன் நான். இந்த ஒரு வாரத்தில் அவள் பேசியதை விரலில் எண்ணிவிடலாம்.

சனிக்கிழமை அவளை உட்காரவைத்துப் பேசினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இறக்கினேன். மரத்தில் பொம்மை வீடு, விளக்கு எரிகிறது. வேண்டாம். சைக்கிள். வேண்டாம். அம்மா அங்கிருந்து பொம்மை செய்து தபாலில் அனுப்புவாள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். தபால்ல வந்தா பொம்மைதான வரும் என்றாள். எவ்வளவோ பேரிடம் பேசியிருக்கிறேன். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். இவளுக்கு என்ன வேண்டும் என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. என்னிடம் அது இல்லை.

ஏன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் நர்ஸ் வேலைக்கு ஒப்பந்தம் பேசினபோது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விடுப்பு என்றுதான் ஏஜெண்ட் முதலில் சொன்னார். அதை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக இரண்டு வருடம் முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அனுமதியை வாங்கியது நான். நல்ல பேரம் என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். நீ அப்போது பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாய். என்ன சொல்றே என்று கேட்டேன். நீங்க பேசிட்டீங்களே என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வாரம் மூன்று தடவை ஏஜெண்டிடம் போனேன். ஒரு வாரம் போதும், வேண்டுமானால் அந்தக் குடும்ப அனுமதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அவர் காகிதத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டி, சார், நீங்கதானே கேட்டு வாங்கினீங்க என்றார். நான் என் கடையில் எத்தனை பேரிடம் இதே மாதிரி காகிதத்தைக் காட்டியிருப்பேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பெட்டிகள் இப்போது வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. ஆண்டு முடியும் வரை வைத்திருந்து, விடுமுறை விடும் அன்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்களாம். அதற்கு நாலு மாதம் இருக்கிறது. உன் கெடுவுக்குப் பதினேழு மாதம். நடுவில் இருக்கும் பதின்மூன்றை எங்கே கொண்டுபோய்க் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் வார்டு தலைமை நர்ஸ் நல்ல மாதிரி என்று ஒரு தடவை சொன்னாய். அவருக்கும் பிள்ளை இருக்கிறது என்றாய். நீ ஒரு வார்த்தை கேட்டுப் பார். எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் பேசிக் கிடைத்ததைத்தான் பார்த்துவிட்டோமே. முடியாது என்று சொன்னால் அதையும் உடனே எழுது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று அப்புறம் யோசிக்கிறேன். அவளுக்காகத்தான் கேட்கிறேன். நான் சமாளித்துக்கொள்வேன். நேற்று பள்ளிக்கூடம் பக்கம் போனபோது, அலமாரியில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன், சும்மா.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
சில்லறையின் அப்பா

பின்குறிப்பு: நாங்கள் பேசி முடித்ததைத் தனியாக எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள். பெட்டியை அப்பா தொடக் கூடாது. தாழ்ப்பாள் போடக் கூடாது. அம்மாவை அம்மாதான் செய்ய வேண்டும், இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கும் குச்சியிலும் நீலத் துணியிலும். இரண்டையும் அவளே பொறுக்கி எடுத்தாள். செய்ததைக் கையில் கொண்டுவர வேண்டும், தபால் செல்லாது. கெடு, அலமாரியைக் காலி செய்யும் நாள். இதற்கு நான் ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன். பதிலுக்கு அவள் தருவது: ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருவாள். நீ பேசினால் கேட்டுக்கொள்வாள். அவள் பேசுவது நீ வந்த பிறகு.