தானே பூட்டிக்கொள்ளும் கதவு

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம்; உன் மூட்டுவலி தேவலையா? இந்தக் குளிர் நாட்டுக்கு வந்ததில் லாபம்தான். கொசு இல்லை, கரண்ட் போவதில்லை, கதவுகூடத் தானே பூட்டிக்கொள்கிறது.

நேற்று குப்பை போடப் பனியனோடு வெளியே வந்தேன். சாவி உள்ளே, கதவு பூட்டிக்கொண்டது. கொட்டும் பனியில் தட்டித் தட்டிக் கை மரத்துவிட்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. கடைசியில் கீழ்வீட்டு நர்ஸம்மா வந்து, தன் கோட்டைப் போர்த்திவிட்டு, மாற்றுச் சாவிக்கு வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். விரல் பத்தும் பத்திரம், பயப்படாதே.

சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கயிறு அனுப்பு.

"தனியாத்தானே இருக்கீங்க, யாரு வந்து தெறப்பாங்கன்னு தட்டினீங்க?" என்று நர்ஸம்மா கேட்டார். "ஏம்மா, கதவத் தெற" என்று உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பாப்பா அப்பா